மிடில் எர்த்தின் வட நிலம்: புதிய வாசகருக்கு ஒரு புவியியல் அறிமுகம்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்த மிடில் எர்த் என்னும் கற்பனை உலகுக்குள் புதிதாக நுழைபவர்கள், ஹாபிட்கள் என்னும் சிற்றுருவ மக்களின் நாடான ஷயரில் புறப்பட்டுத் தென்கிழக்கே தீயோனின் நாடான மோர்டாரில் முடியும் பயணத்தின் வழியாகவே அதன் வரைபடத்தைப் பெரும்பாலும் அறிந்துகொள்கிறார்கள். கதை தெற்கே போவதால் வாசகரின் கண்ணும் தெற்கே போய்விடுகிறது. வரைபடத்தின் மேல் விளிம்பை ஒட்டி எழுதப்பட்டிருக்கும் ஃபோரோகெல், ஆங்மார், கார்ன் டூம், குண்டபாட் போன்ற பெயர்கள் இடத்தை நிரப்ப எழுதியவைபோலத் தோன்றுகின்றன. அந்த வட நிலம் எவ்வாறு அமைந்திருக்கிறது, அது ஏன் அவ்வளவு குளிர்ந்தும் ஆளற்றும் கிடக்கிறது என்பதை முதல்முறை வாசிப்பவருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: அங்கே மலைகளும் ஆறுகளும் பெரும்பாலும் நம் உலகின் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படுகின்றன, குளிரும் பாழும் அந்த உலகின் வரலாற்றுக்கே கட்டுப்படுகின்றன.

வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதற்குப் பொருந்த அமைத்ததாக, 1954-இல் எழுதிய கடிதம் ஒன்றில் டோல்கீன் குறிப்பிட்டிருக்கிறார். அதே ஆண்டில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வெளிவரத் தொடங்கியபோது அதற்கான வரைபடத்தை வரைந்தவர் அவருடைய மகன் கிறிஸ்டோபர் டோல்கீன். ஆகவே ஒரு மலைக்கும் அதன் அடிவாரத்து ஊருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது இந்த உலகைப் பொறுத்தவரை வீண் வேலையன்று. இக்கட்டுரையில் வரும் கதை ஆண்டுகள் யாவும் அவ்வுலக வரலாற்றின் மூன்றாவது பெருங்காலமான மூன்றாம் யுகத்தைச் சேர்ந்தவை. தீய மோதிரம் ஒன்றை அழிப்பதற்காக ஹாபிட்கள் அதைச் சுமந்து செல்லும் பயணம் அந்த யுகத்தின் 3018, 3019 ஆம் ஆண்டுகளில் நடக்கிறது.

முதுகெலும்பும் இரு பக்கங்களும்

வட நிலத்தைப் புரிந்துகொள்ள முதலில் மனத்தில் பதிய வேண்டியது மூடுபனி மலைத்தொடர். இது வடக்கிலிருந்து தெற்காக ஒரு முதுகெலும்பைப்போல ஓடி, நிலத்தை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே நீல மலைகள் வரை பரந்திருக்கும் நிலப்பரப்பின் பெயர் எரியடோர். ஷயரும், பிரீ என்னும் சிற்றூரும், எல்ரோண்ட் என்னும் தலைவரின் ரிவென்டெல் பள்ளத்தாக்கும் இதற்குள் அடங்கும். கிழக்கே ஆண்டுயின் என்னும் பேராற்றின் படுகையும், அதற்கப்பால் மிர்க்வுட் என்னும் பெருங்காடும், காட்டைக் கடந்தால் எரெபோர் என்னும் தனிமலையும் இருக்கின்றன.

இம்மலைத்தொடரின் வட கோடியை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே கார்ன் டூம் என்னும் கோட்டை இருக்கிறது. அதற்குக் கிழக்கே குண்டபாட் மலை நிற்கிறது. குண்டபாட்டை ஒட்டிய பகுதியிலிருந்து சாம்பல் மலைகள் என்னும் இன்னொரு தொடர் கிழக்கு நோக்கி நீள்கிறது. அதன் கிழக்கு முனை இரு கிளைகளாகப் பிரிந்து ஓர் ஒடுங்கிய தரிசுப் பள்ளத்தாக்கை அணைத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கிழக்கே போனால் இரும்புக் குன்றுகள் வருகின்றன. ஆக, தெற்கே ஓடும் ஒரு மலைச்சுவரும் கிழக்கே ஓடும் ஒரு மலைச்சுவரும் ஏறத்தாழ ஒரு செங்கோணத்தில் சந்திக்கும் மூலைதான் வட நிலத்தின் கணு. இந்த மூலையைப் பிடித்து வைத்திருப்பவர் மலைக்கு இரு பக்கமும் இறங்கலாம் என்பதால், தீயவர்கள் மீண்டும் மீண்டும் இங்கேயே வந்து குடியேறுவதில் வியப்பில்லை.

ஆறுகளின் போக்கும் இந்த அமைப்புக்குப் பொருந்தியே இருக்கிறது. மூடுபனி மலைகளிலிருந்து இறங்கும் லாங்வெல் ஆறும் சாம்பல் மலைகளிலிருந்து வரும் கிரேலின் ஆறும் அந்த மூலைக்குத் தெற்கே ஒன்றாகி ஆண்டுயின் ஆகின்றன. வெகு தெற்கே கோண்டோர் அரசின் மதில்களுக்கு அருகே ஓடிக் கடலில் கலப்பதும் இதே ஆறுதான். மேற்குப் பக்கத்தில் எட்டென்மூர்ஸ் என்னும் மேட்டுத் தரிசில் பிறக்கும் ஹோர்வெல், ரிவென்டெல் வழியாக வரும் லவுட்வாட்டருடன் சேர்ந்து தென்மேற்கே போகிறது. ஷயரின் கிழக்கு எல்லையான பிராண்டிவைன், வடக்கே எவெண்டிம் என்னும் ஏரியிலிருந்து புறப்படுகிறது. மலையில் பிறந்து, துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, சரிவைப் பின்பற்றிக் கடலை அடையும் இந்த ஒழுங்கு, கற்பனை உலகங்களை வரைபவர்கள் பலர் தவறவிடும் ஒன்று. 1981-இல் மிடில் எர்த்துக்கென ஒரு நிலப்படநூலையே உருவாக்கிய கேரன் வின் ஃபோன்ஸ்டாட் புவியியல் பயின்றவர். இப்படிப்பட்ட ஒருவர் நிலவமைப்பையும் தட்பவெப்பத்தையும் ஊகித்து வரையும் அளவுக்கு டோல்கீனின் நிலம் இடம் கொடுக்கிறது.

எட்டென்மூர்ஸ் என்னும் பெயரையும் இங்கேயே விளக்கிவிடலாம். அதன் முற்பகுதி, அரக்கன் என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வருகிறது. அந்த மேட்டுநிலம் ட்ரோல்களின் உறைவிடம். டோல்கீன் மொழியியல் பேராசிரியர் என்பதால், அவருடைய இடப்பெயர்களை உடைத்துப் பார்ப்பதே பாதிப் புவியியல் பாடம் ஆகிவிடுகிறது.

குளிரின் கணக்கு

இனி, வட நிலத்தின் மிகச் சுவையான புதிருக்கு வருவோம். எரியடோருக்கு வடக்கே ஃபோரோட்வைத் என்னும் உறைபாலை தொடங்குகிறது. அதன் மேற்கில் ஃபோரோகெல் என்னும் பனி விரிகுடா இருக்கிறது. முதல் வரைபடத்தில் அந்த விரிகுடா சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே காட்டப்பட்டது அதன் ஒரு சிறு பகுதி மட்டுமே என்பதுதான். உண்மையான விரிகுடா வடகிழக்கே வெகுதூரம் நீண்டு, வடக்கிலும் மேற்கிலும் ஒரு பெரிய நிலமுனையால் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதை 1980-இல் கிறிஸ்டோபர் டோல்கீன் தெளிவுபடுத்தினார்.

அந்த முனையில் லோஸ்ஸோத் என்னும் பனிமக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பனியையே வீடாகக் கட்டிக்கொள்பவர்கள்; காலில் எலும்புகளைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டியின் மேல் ஓடுவார்கள் என்றும், சக்கரமில்லாத வண்டிகளை வைத்திருக்கிறார்கள் என்றும் கதை கூறுகிறது. பனிச்சறுக்குக் காலணியையும் சறுக்கு வண்டியையும் அவற்றை ஒருபோதும் கண்டிராத ஒரு நாட்டாரின் வாய்ச்சொல்லாக விவரிக்கும் இந்த நயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இவை எல்லாம் நம் உலகின் ஆர்க்டிக் வட்டத்தை நினைவூட்டுகின்றன. ஆனால் இந்த உறைநிலம் ஷயருக்கு வடக்கே நூறு லீகுக்குச் சற்றே அதிகமான தொலைவில்தான் இருக்கிறது என்று நூலின் பிற்சேர்க்கை சொல்கிறது. ஒரு லீக் என்பது மூன்று மைல். எனவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர்.

இந்த எண்ணை டோல்கீன் வேறோரிடத்தில் தந்த ஒரு குறிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷயரில் உள்ள ஹாபிட்டனும் ரிவென்டெல்லும் ஏறக்குறைய ஆக்ஸ்போர்டின் அட்சரேகையில் இருப்பதாகக் கருதியே எழுதியதாகவும், அவற்றுக்குத் தெற்கே 600 மைல் தொலைவிலுள்ள, கோண்டோரின் தலைநகரான மினாஸ் டிரித் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர அட்சரேகையில் வரும் என்றும் 1967-இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். ஆக்ஸ்போர்டு வடக்கு அட்சரேகை 52 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து 500 கிலோமீட்டர் வடக்கே போனால் சேருமிடம் 56 பாகை. அது ஸ்காட்லாந்தின் எடின்பரோ இருக்கும் இடம். எடின்பரோவில் குளிர் உண்டு. ஆனால் கடல் உறைவதில்லை, பனிவீட்டில் யாரும் வாழ்வதுமில்லை.

அட்சரேகை மட்டுமே குளிரைத் தீர்மானிப்பதில்லை என்று ஒருவர் மறுக்கலாம். அது நியாயமான மறுப்பு. கனடாவின் ஹட்சன் விரிகுடா ஒவ்வொரு குளிர்காலத்திலும் உறைகிறது. அதன் தெற்கு வாலான ஜேம்ஸ் விரிகுடாவின் தென்முனை ஆக்ஸ்போர்டைவிடச் சற்றுத் தெற்கே இருந்தும் உறைகிறது. மேற்கு ஐரோப்பா மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதற்குக் காரணம், அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டமும் அதன்மேல் வீசிவரும் மேலைக்காற்றுகளும். ஆனால் எரியடோரின் மேற்கிலும் திறந்த பெருங்கடலே இருக்கிறது. ஷயரின் பசுமையும் மிதமான பருவங்களும் மேற்கு ஐரோப்பாவை ஒத்தே வரையப்பட்டிருக்கின்றன. ஷயரில் கடும்பனி என்பது வடக்கு மேட்டுத் தரிசுகளைத் தவிர மற்ற இடங்களில் அரிய நிகழ்வு. அப்படிப்பட்ட நிலத்திலிருந்து 500 கிலோமீட்டருக்குள் ஆர்க்டிக் தொடங்குவதை எந்தக் கடல் நீரோட்டத்தைக் கொண்டும் எளிதில் விளக்கிவிட முடியாது.

டோல்கீன் தரும் விளக்கம் வேறு. முதல் யுகத்தில் மோர்கோத் என்னும் ஆதித் தீயோன் தூர வடக்கில் அரசாண்டான். அந்த அரசு போரில் அழிந்தது. மேற்கில் பெலேரியாண்ட் என்னும் ஒரு பெருநிலப்பகுதியே கடலில் மூழ்கியது. ஆனால் அவனுடைய குளிர் மட்டும் போகவில்லை; ஃபோரோகெலில் தங்கிவிட்டது. அதன்பின் இரண்டாம் யுகம் 3441 ஆண்டுகள் நீடித்தது. அதற்கப்பாலும் இரண்டாயிரம் ஆண்டுகள் சென்ற பின்னரும் அந்தப் பனி உருகாமல் கிடக்கிறது. நிலத்தில் தேங்கிய நஞ்சு தலைமுறைகளைக் கடந்தும் வெளிப்படுவதுபோல, குளிர் இங்கே ஓர் எச்சம். மூடுபனி மலைகளும்கூடத் தொடக்கத்தில் மெல்கோர் என்று அழைக்கப்பட்ட இதே மோர்கோத் எழுப்பியவைதான்; ஒரோமே என்னும் தெய்வ வேட்டைக்காரன் குதிரையேறி வருவதைத் தடுப்பதற்காக அவற்றை அவன் உயர்த்தினான் என்பது பழங்கதை.

இந்தக் குளிர் எப்போதும் தன் எல்லைக்குள் இருப்பதுமில்லை. 2758-இல் தொடங்கி 2759 வரை நீடித்த நெடுங்குளிர்காலத்தில் எரியடோரிலும் மலைக்குத் தெற்கே ரோகன் என்னும் நாட்டிலும் ஏராளமானோர் மாண்டனர். 2911-இன் கொடுங்குளிர்காலத்தில் பிராண்டிவைன் ஆறே உறைந்துபோக, வடக்கிலிருந்து வெள்ளை ஓநாய்கள் எரியடோருக்குள் புகுந்தன.

காலியான நிலம்

எரியடோரை வரைபடத்தில் பார்ப்பவருக்கு அது இன்னும் யாரும் குடியேறாத புதுநிலம்போலத் தோன்றும். ஷயர் கிழக்கு மேற்காகச் சுமார் 190 கிலோமீட்டரும் வடக்கு தெற்காகச் சுமார் 240 கிலோமீட்டரும் மட்டுமே உள்ள ஒரு சிறு நாடு. அதைத் தாண்டினால் பிரீயைச் சுற்றிச் சில ஊர்கள். பிறகு சதுப்பு, குன்று, புல்வெளி, மௌனம். அந்த மௌனத்துக்குக் காரணம், மக்கள் அங்கே வராமல் இருந்ததல்ல, வாழ்ந்து அழிந்ததுதான்.

சங்க மரபைக் கற்ற தமிழ் வாசகருக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் கோலமே பாலை என்பது நம் மரபு. எரியடோரின் காட்டுத்தன்மையும் அத்தகைய திரிபுதான், என்றாலும் அதை உண்டாக்கியது கோடை வெயிலன்று, போர்.

இங்கே ஆர்னோர் என்னும் பேரரசு இருந்தது. அதன் முதல் தலைநகரமான அன்னூமினாஸ் எவெண்டிம் ஏரிக்கரையில் கட்டப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டு, வடக்குப் புல்மேடுகளின் மேல் அமைந்த ஃபோர்னோஸ்ட் தலைநகரமாயிற்று. 861-இல் அரச குடும்பத்துப் பூசலால் பேரரசு ஆர்தெடைன், கார்டோலன், ருடௌர் என்று மூன்றாக உடைந்தது. மூன்றின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் வெதர்டாப் குன்று இருந்தது. அதன் கோபுரத்தில் தொலைவைக் காட்டும் பலான்டிர் என்னும் பார்வைக் கல் ஒன்று வைக்கப்பட்டிருந்ததால், அதற்காகவே மூன்று அரசுகளும் சண்டையிட்டுக்கொண்டன.

ஏறக்குறைய 1300-இல் மலைத்தொடரின் வட கோடியில், மேலே நாம் கணு என்று குறித்த அந்த மூலையில், ஆங்மார் என்னும் அரசு எழுந்தது. அதன் தலைவன் கார்ன் டூமில் இருந்த சூனிய மன்னன். மூன்றாகப் பிரிந்துவிட்ட வட அரசை ஒவ்வொன்றாக வீழ்த்துவதே அவன் திட்டம். ஆங்மாரின் நிலம் மலையின் இரு பக்கத்திலும் பரவியிருந்ததால் அவனால் மேற்கே எளிதாக இறங்க முடிந்தது. 1409-இல் வெதர்டாப் கோபுரம் எரிந்தது. 1636-இன் பெருங்கொள்ளைநோயில் கார்டோலனின் மக்கள் பெரும்பாலும் அழிய, அங்கிருந்த பழைய கல்லறை மேடுகளில் பேய்கள் குடியேறின. 1974-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஃபோர்னோஸ்டும் வீழ்ந்தது.

கடைசி அரசன் ஆர்வெடுயி தப்பி ஓடிய வழியைப் பின்தொடர்ந்தாலே வட நிலத்தின் புவியியலைக் கற்றுக்கொள்ளலாம். தெற்கிலும் கிழக்கிலும் பகைவர்கள் இருந்ததால் அவன் வடமேற்கே போனான். நீல மலைகளின் தூரக் கோடியில் ட்வார்ஃப்கள் என்னும் குள்ள இனத்தார் கைவிட்ட சுரங்கங்களில் ஒளிந்தான். பசி தாங்காமல் வெளியேறி, ஃபோரோகெல் கரையில் முகாமிட்டிருந்த லோஸ்ஸோத்திடம் சேர்ந்தான். அவர்கள் இரக்கத்தாலும் ஓரளவு அச்சத்தாலும் அவனுக்கு உணவும் பனிக்குடிலும் தந்தார்கள். சூனிய மன்னன் நினைத்தபோது உறைபனியையும் உருகலையும் உண்டாக்க வல்லவன் என்று அவர்கள் நம்பினார்கள்.

செய்தி அறிந்த எல்ஃப் என்னும் சாவற்ற இனத்தைச் சேர்ந்த கப்பல்தலைவன் கிர்டான், தெற்கேயுள்ள துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலை அனுப்பினான். லோஸ்ஸோத்தின் தலைவன் மட்டும் அதில் ஏற வேண்டாமென்று அரசனைத் தடுத்தான். கோடையில் எதிரியின் வலிமை குறையும், அதுவரை இங்கேயே இருங்கள் என்பது அவன் அறிவுரை. ஆர்வெடுயி கேட்கவில்லை. நன்றியாகத் தன் குலத்தின் மோதிரத்தை அவனிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான். வடக்கிலிருந்து எழுந்த புயல் கப்பலைத் திருப்பிப் பனிக்கட்டியின்மேல் மோதியது. கப்பல் உடைந்து மூழ்கியது. வெதர்டாப்பிலும் அன்னூமினாஸிலும் இருந்த இரண்டு பார்வைக் கற்களும் அவனோடு விரிகுடாவின் அடியில் போயின. பருவம் அறிந்த உள்ளூர்க்காரனின் பேச்சைக் கேளாத பயணியின் கதை இது. துருவப் பயண வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது.

அதே 1975-இல் ஃபோர்னோஸ்ட் போரில் ஆங்மாரும் அழிந்தது. வென்றவர்களுக்கு ஆளுவதற்கு மக்கள் மிஞ்சவில்லை. ஆர்வெடுயியின் மகன் அரசப் பட்டத்தைத் துறந்து, காடுகளில் அலைந்து காவல்புரியும் ஒரு சிறு கூட்டத்தின் தலைவனானான். அந்த வரிசையில் பதினாறாவதாக வருபவனே, மோதிரக் கதையின் முடிவில் அரசனாகும் அரகார்ன்.

மலைக்கு அப்பால்

கிழக்குப் பாதி இப்படிக் காலியாகவில்லை. அங்கே இடத்துக்குப் போட்டி இருந்தது. ஆங்மாரின் வீழ்ச்சியால் ஆண்டுயின் ஆற்றின் தலைப்பகுதி வெறுமையானதைக் கண்டு, 1977-இல் எயோதெயோட் என்னும் குதிரைவீரர் குடி அங்கே குடியேறியது. அவர்களின் தலைவன் ஃபிராம், சாம்பல் மலைகளில் வாழ்ந்த ஸ்காதா என்னும் டிராகனைக் கொன்றான். அதன் புதையலுக்கு ட்வார்ஃப்கள் உரிமை கோரியபோது, ஸ்காதாவின் பற்களைக் கோத்த ஒரு மாலையை அவர்களுக்கு அனுப்பிவைத்தான் என்பது கதை. மக்கள் பெருகி நிலம் போதாமற்போக, 2510-இல் எயோர்ல் தலைமையில் அவர்கள் தெற்கே சென்றார்கள். ரோகன் நாடு அவர்களால் உண்டானது. தெற்கத்திய கதையில் நாம் காணும் பொன்னிறக் கூந்தல் வீரர்களின் பூர்வீகம் வரைபடத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது.

சாம்பல் மலைகளின் கிழக்குக் கிளைகளுக்கு நடுவே ஒரு தரிசுப் பள்ளத்தாக்கு உண்டு என்று முன்பு சொன்னேன். அதுதான் விதர்டு ஹீத், வாடிய தரிசு. டிராகன்கள் பெருகும் இடம். 2210 முதல் அம்மலைகளில் செல்வம் தேடிய ட்வார்ஃப்கள், 2589-இல் தங்கள் அரசனே ஒரு குளிர்-டிராகனால் வாயிலில் கொல்லப்பட்டபின் அவற்றைக் கைவிட்டார்கள். சிலர் எரெபோருக்கும் சிலர் இரும்புக் குன்றுகளுக்கும் போனார்கள். எரெபோரின் செல்வமும் 2770-இல் ஸ்மாக் என்னும் டிராகனை வடக்கிலிருந்து இழுத்துவந்தது. டிராகன்களின் வாழிடமும் ட்வார்ஃப்களின் சுரங்கமும் ஒரே மலைத்தொடரில் அமைந்ததால் நேர்ந்த விளைவு இது. அந்த எரெபோரைக் காட்டும் ட்வார்ஃப் வரைபடத்தில் கிழக்கு மேலே இருக்கும். வடக்கு மேலே இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் புதிய வாசகர்கள் குழம்புவது வழக்கம்.

மேற்கே, யுகத்தின் முடிவில் அரகார்ன் அரசனாகி வட அரசு மீண்டபின், எவெண்டிம் ஏரிக்கரையில் மறுபடியும் அரசவை கூடுகிறது. அதற்கு முன் பிரீயின் விடுதிக்காரரிடம் காண்டால்ஃப் என்னும் மந்திரவாதி, வடக்கே செத்தவர் அகழியில் மக்கள் மீண்டும் குடியேறுவார்கள் என்கிறார். விடுதிக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. கொள்ளைக்காரனைத் தவிர அந்தப் பேய் பிடித்த இடத்துக்கு யார் போவார் என்று கேட்கிறார். ஃபோர்னோஸ்டுக்குப் பிரீ மக்கள் வைத்திருந்த பெயர்தான் செத்தவர் அகழி. அதன் சரியான பெயர் அரசர்களின் வட நகரம் என்று காண்டால்ஃப் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.